பல் கறுப்பும் கிரக தோஷமும்

(அருப்புக்கோட்டைத் தாலூகாவில் ஒரு கிராமத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் ஒரு தோழர் பேசியது)

இன்று நான் கடவுளைப் பற்றியோ, ஜாதியைப் பற்றியோ, சடங்கைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். நான் பேசப்போவது பல்லைப் பற்றி. பல்லைப் பற்றிப் பேச ஒரு பொதுக்கூட்டம் வேண்டுமா, அதற்கு ஒரு வேப்பங்குச்சி போதாதா என்று சிலர் சிரிக்கலாம். தாராளமாய்ச் சிரியுங்கள். ஆனால் ஒரே ஒரு பல் கறுத்துப்போன காரணத்தால், சிரிக்கப் பயந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரிந்த ஒரு பெண்ணின் கதையைக் கேட்டபிறகு, அந்தக் கடவுளும் கிரகமும் சடங்கும் ஒரு பல்லிலேகூட எப்படி வந்து ஒட்டிக்கொள்கின்றன என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

அந்தப் பெண் வேறு யாருமல்ல, என் தமக்கை மகள்தான். திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் கிராமம். அவளுக்கு 9 வயதாயிருக்கும்போது பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்து மேல் முன்பல்லில் அடிபட்டது. கொஞ்ச நாளில் ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. கரிசல் காட்டில் கூலிவேலை பார்த்துச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு, வெளியூரில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பல்லைப் பிடுங்காமல், பல்லுக்குள் மருந்து வைத்து அடைத்து, பல நடை வரச்சொல்லி வைத்தியம் செய்தார். சீழ் நின்றது. பல்லும் நிலைத்தது. ஆனால் சில மாதங்களுக்குள் அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறி, பிறகு இன்னும் இருண்டுவிட்டது. ஏன் இப்படி என்று இவர்களும் கேட்கவில்லை. இப்படி ஆகக்கூடும் என்று அவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கு 22 வயது. படித்திருக்கிறாள், சம்பாதிக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் படிப்பைப் பார்க்கவில்லை, குணத்தைப் பார்க்கவில்லை. “முன்பல் ஒன்று கறுப்பாயிருக்கிறதே, உள்ளே என்ன ரோகமோ?” என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். உடனே வீட்டில் கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. குலதெய்வத்துக்கு நேர்ந்த முடிகாணிக்கையைச் செலுத்தாத குற்றம் என்றாள் பாட்டி. சனி பார்வை என்றார் ஜோசியர். போன ஜென்மத்தில் யாரையோ பார்த்துப் பல்லிளித்திருப்பாள் என்றுகூட ஒரு புண்ணியவான் சொன்னார். பரிகாரத்துக்கென்று கொடுத்த பணத்தில் பாதி இருந்திருந்தாலும் அந்தப் பல்லை வெளுக்க வழி செய்திருக்கலாம்.

நான் போய்ப் பார்த்தேன். வீட்டு இரும்புப் பெட்டியில் இரண்டு காகிதங்கள் பத்திரமாயிருந்தன. ஒன்று அவள் ஜாதகம். மற்றொன்று 13 வருஷத்துக்கு முன் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. ஜாதகத்தைப் பிரித்துப் பிரித்து மடிப்புகளெல்லாம் கிழிந்துபோயிருந்தன. டாக்டர் சீட்டையோ, வைத்த நாளிலிருந்து ஒருவரும் பிரித்ததாகவே தெரியவில்லை. காரணம் அந்தச் சீட்டில் இருந்தது, தோழர்களே! அதில் மூன்று மருந்துகளின் பெயர்கள் எழுதியிருந்தன. சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின். இந்த மூன்றாவது பெயர்தான் நம்முடைய சனீஸ்வரன்!

இது என்ன மருந்து, ஏன் வைத்தார்கள், ஏன் கறுத்தது என்பதை உங்களுக்குச் சொல்லுகிறேன். பல் என்பது முழுக் கல் அல்ல. வெளியே எனாமல் என்ற கடினமான வெள்ளை ஓடு. அதற்குள் டென்டின் என்ற மஞ்சள் சாயலான எலும்பு போன்ற பாகம். அதற்குள் நரம்பும் ரத்தமும் ஓடுகின்ற கூழ். டென்டினிலே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மேல் முன்பல் 7, 8 வயதில் முளைக்கிறது. ஆனால் அதன் வேர் முழுதும் வளர்ந்து நுனி மூடுவதற்கு மேலும் இரண்டு மூன்று வருஷம் ஆகும். அந்த இடைக்காலத்தில் அடிபட்டுக் கூழ் செத்துவிட்டால், வேர் அரைகுறையாக நின்றுவிடும், சுவர் மெல்லியதாயிருக்கும், நுனி புனல் வாயைப் போல் திறந்துகிடக்கும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் அதைச் சுரண்டி அடைப்பது சுலபமல்ல. சுரண்டினால் சுவர் உடையும்.

இப்படிப்பட்ட பல்லில் இருக்கும் கிருமிகளைச் சுரண்டாமலே கொல்லுவதற்கு ஒரு வழியை ஜப்பானில் நீகாதா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹோஷினோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து 1996-ல் வெளியிட்டார்கள். மேலே சொன்ன மூன்று ஆன்டிபயாடிக் மருந்துகளையும் கலந்தால் பல்வேரின் கிருமிகள் சாகின்றன என்று கண்டார்கள். 2004-ல் பாங்க்ஸ், ட்ரோப் என்ற இருவர் இந்த மும்மருந்துப் பசையை வேருக்குள் வைத்துக் கிருமியைக் கொன்று, பிறகு வேர் நுனியில் ரத்தம் கசியச் செய்து, நின்றுபோன வேர் மறுபடி வளரும்படி செய்யும் முறையை எழுதினார்கள். செத்த பல்லின் வேர் வளர்கிறதென்றால் அது எவ்வளவு பெரிய காரியம்! எந்த ஸ்தல விருக்ஷத்தைச் சுற்றியும் இந்தக் காரியம் நடந்ததில்லை.

ஆனால் இந்தப் பசையில் ஒரு குறை இருந்தது. மினோசைக்ளின் என்பது டெட்ராசைக்ளின் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைக் கண்டால் விடாது, கட்டிப் பிடித்துக்கொள்ளும். பல்லோ சுண்ணாம்புச் சத்தின் களஞ்சியம். இரண்டும் சேர்ந்து கரையாத ஒரு பொருளாகி டென்டின் குழாய்களுக்குள் தங்கிவிடும். நாளாக ஆக அது இருளும். இதே குடும்ப மருந்து சேர்ந்த லெடர்மிக்ஸ் என்ற வேறொரு பல் பசையை ஆராய்ந்தவர்கள், அதன் கறை வெளிச்சம் பட்டால் அதிகமாகிறது என்று கண்டார்கள். வெளிச்சம் படுகிற பல் எது? முன்பல்தான். சிறு பிள்ளைகள் விழுந்து உடைத்துக்கொள்கிற பல் எது? அதுவும் முன்பல்தான்.

இது புரியவில்லையென்றால் உங்கள் வீட்டு ஆரத்தித் தட்டைப் பாருங்கள். மஞ்சள் மஞ்சளாயிருக்கிறது. சுண்ணாம்பு வெள்ளையாயிருக்கிறது. தண்ணீரில் இரண்டையும் கலந்தால் ரத்தச் சிவப்பாகிறது. அந்தச் சிவப்பை எந்தத் தேவதை கொண்டுவந்து ஊற்றினாள்? ஒருவரும் ஊற்றவில்லை. மஞ்சளுக்குச் சுண்ணாம்போடு சேர்ந்தால் அப்படி மாறுகிற சுபாவம். பல்லுக்குள் நடந்ததும் இதைப்போலத்தான். இரண்டு பொருள் சேர்ந்தது; நிறம் மாறியது. கண்ணெதிரே ரசாயனம் நடக்கின்ற தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதையே சுற்றி அந்தப் பெண்ணுக்குத் திருஷ்டி கழித்தார்கள் என்றால், நமது மூளையை எங்கே அடகு வைத்திருக்கிறோம் என்று கேட்கின்றேன்.

இந்த மருந்துக் குடும்பத்தின் பிறப்பில் நம்முடைய பக்கத்துச் சம்பந்தமும் உண்டு. பழைய சென்னை ராஜதானியில் பீமாவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர் அங்கே லெடர்லே என்ற மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராயிருந்தார். அங்கே டக்கர் என்ற தாவர சாஸ்திரி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்து 1948-ல் உலகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. அது பொன்னிறமாயிருந்ததால் பொன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக்கொண்டு ஆரியோமைசின் என்று பெயரிட்டார்கள். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து அதுதான். மினோசைக்ளினும் அதே கம்பெனியில் 1960-களில் உண்டாக்கப்பட்டதே. எத்தனையோ உயிர்களை இவை காப்பாற்றின. ஆனால் சில வருஷங்களுக்குள்ளேயே, இவற்றைச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு முளைக்கிற பற்கள் மஞ்சளும் பழுப்புமாய் வருவதை டாக்டர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். அதன் பேரில்தான், கர்ப்ப ஸ்திரீகளுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளினை வழக்கமாய்க் கொடுக்கலாகாது என்ற விதி ஏற்பட்டது.

கவனியுங்கள், தோழர்களே! வயிற்றுக்குள் போன மருந்து பல்லைக் கறையாக்கும் என்பது முன்னமே தெரிந்த சங்கதி. அப்படியிருந்தும் அதே குடும்ப மருந்தை நேரே பல்லுக்குள்ளேயே வைத்தார்கள். கறை வந்தது. ஆனால் விஞ்ஞானத்துக்கும் வேதத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பரிகாரம் பலிக்காவிட்டால் ஜோசியர் என்ன சொல்லுவார்? உனக்குப் பக்தி போதாது என்று உன் தலையிலேயே பழியைப் போடுவார். விஞ்ஞானிகளோ தங்கள் மருந்தின் குற்றத்தைத் தாங்களே பத்திரிகையில் அச்சிட்டார்கள். முன்பல்லில் இந்த மும்மருந்துப் பசையால் வந்த கறையைப் பற்றி 2010-ல் ஒரு நோய்க் குறிப்பு வெளிவந்தது. டென்டின் குழாய்களின் வாயை முன்கூட்டி ஒரு பூச்சினால் அடைத்துவிட்டுப் பசையை வைத்தால் கறை குறைகிறது, ஆனால் அடியோடு நிற்பதில்லை என்பதையும் அதிலேயே ஒளிக்காமல் எழுதினார்கள். பிறகு வேறு வழிகளைத் தேடினார்கள். சிலர் மினோசைக்ளினை எடுத்துவிட்டு மற்ற இரண்டு மருந்தை மட்டும் வைத்தார்கள். சிலர் மூன்றாவது மருந்தாக வேறொன்றைச் சேர்த்தார்கள். சிலர் பசையை மிகவும் நீர்க்கச் செய்து, ஊசிக் குழாயினால் ஈறுக்குக் கீழே வேரில் மட்டும் படும்படி வைத்தார்கள். 2016-ல் ஐரோப்பியப் பல்வேர் வைத்தியச் சங்கத்தார், இந்த ஆன்டிபயாடிக் பசைக்குப் பதிலாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு வைப்பதே மேல் என்று அபிப்பிராயம் சொன்னார்கள்.

கால்சியம் ஹைட்ராக்சைடு என்றால் ஏதோ வானத்து வஸ்து என்று நினைக்காதீர்கள். நீற்றின சுண்ணாம்பின் சுத்தமான உருவம்தான் அது. 1920-ல் ஜெர்மனியில் ஹெர்மன் என்பவர் அதைப் பல் வைத்தியத்தில் புகுத்தினார். இப்படிச் சொன்னேனென்று வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துச் சொத்தைப் பல்லில் அப்பிக்கொள்ளாதீர்கள், வாய் வெந்துபோகும். அளவும் சுத்தமும் தெரிந்தவர் வைத்தால்தான் மருந்து.

நிற்க, பல்லில் கறை என்றாலே எல்லாம் இந்தப் பசையினால்தான் என்றும் எண்ணிவிடக்கூடாது. வெற்றிலை, புகையிலைக் கறை வெளியே படிவது; தேய்த்தால் பெரும்பாலும் போகும். அடிபட்ட பல்லில் ரத்தம் உள்ளே உறைந்தாலும் பல் இருளும். அடைப்புக்கு வைக்கும் சில சிமெண்டுகளாலும் இருளும். ஊரில் அநேகம் பிள்ளைகளுக்கு எல்லாப் பற்களிலும் சுண்ணாம்புத் திட்டும் பழுப்புக் கோடுமாயிருந்தால் அது தண்ணீரின் குற்றமாயிருக்கலாம். ஆழத்துப் பாறைத் தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகமாயிருந்தால் அப்படியாகும். இந்த நோய் நம் நாட்டில் உண்டென்று 1937-ல் ஷார்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அக்காலத்துச் சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் கண்டு எழுதினார்கள். குடிதண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாதென்பது இந்திய அளவு. போர்க்குழாய் போட்டுக் குடிக்கின்ற வறண்ட ஊர்க்காரர்கள், மழைக்கு யாகம் செய்யும் செலவில் அந்தத் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்த்தாலாவது உபயோகமுண்டு. ஆகவே, எந்தக் கறைக்கும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. காரணத்தைத் தேடுகிறவனுக்கு வழி பிறக்கும். கர்மம் என்று சொல்லுகிறவனுக்குச் செலவுதான் பிறக்கும்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். புரோகிதரிடத்தில் ஏன் என்று கேட்கக் கற்றுக்கொண்ட நம்மில் பலர், டாக்டரிடத்தில் போனவுடன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றோம். “நீங்கதான் சாமி தெய்வம்” என்கின்றோம். கைராசி டாக்டர் என்று ஒரு பட்டம் வேறு கொடுக்கின்றோம். கைக்கு ஏது ராசி? அவர் படிப்புக்கு மதிப்புக் கொடுங்கள். அவர் உழைப்புக்குக் கூலி கொடுங்கள். ஆனால் பழைய சாமியை இறக்கிவிட்டு அந்தப் பீடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட சாமியை ஏற்றினால், அது சுயமரியாதையாகாது. என் தமக்கையிடம் அன்று, “அம்மா, இந்த மருந்து வைத்தால் பல் நிலைக்கும், ஆனால் நிறம் மாறக்கூடும், நிறம் மாறாத வேறு மருந்தும் உண்டு, எது வேண்டும்?” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பல் நிற்கட்டும், நிறம் போனால் போகட்டும் என்று அவளே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் 13 வருஷம் சனியைத் திட்டவேண்டிய அவசியம் வந்திராது. படிக்காத ஜனங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லாமல் விடுவதும், சூத்திரனுக்கு வேதம் எதற்கு என்று சொல்லாமல் விட்டதும், எனக்கு ஒன்றாகவே தோன்றுகிறது.

இது என் சொந்த ஆசை மட்டுமல்ல; சட்டமும் இதுதான். சமீரா கோலி வழக்கில் 2008-ல் இந்தியாவின் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று? வைத்தியம் செய்யுமுன் அது இன்னது, அதனால் நன்மை இன்னது, தீங்கு இன்னது, வேறு வழி இன்னது என்று நோயாளிக்குப் போதுமான அளவு சொல்லி, அவர் சம்மதம் பெறவேண்டும் என்று சொல்லிற்று. பணக்காரருக்கும் பட்டதாரிக்கும் மட்டும் என்று சொல்லவில்லை. கரிசல் காட்டில் களையெடுக்கிற ஸ்திரீக்கும் அந்த உரிமை உண்டு.

அதற்காக, பல் கறுத்துவிடும் என்று பயந்து வைத்தியத்தையே விட்டுவிடுங்கள் என்று நான் சொன்னதாய் யாரும் கிளப்பிவிடக்கூடாது. சீழ் பிடித்த பல்லைக் கவனியாமல் விட்டால் அது தாடையிலும் முகத்திலும் பரவி உயிருக்கே ஆபத்தாகும். கறுத்த பல் கடிக்கும். பிடுங்கின இடம் கடிக்காது. கறைக்கும் வழி இருக்கிறது. உள்ளே வெளுக்கும் மருந்து வைத்து நிறத்தைக் குறைக்கலாம். முழுதும் போகாவிட்டால் பல்லின் முன்பக்கத்தில் மெல்லிய ஓடு ஒட்டலாம், உறை போடலாம். எல்லோருக்கும் பூரணமாய்ப் போகும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். வாக்குக் கொடுப்பது ஜோசியர் தொழில்.

ஆகவே, உங்கள் பிள்ளைக்கு முன்பல் அடிபட்டால் தாமதியாமல் பல் டாக்டரிடம் போங்கள். போனால் நான்கு கேள்வி கேளுங்கள். பல்லுக்குள் என்ன மருந்து வைக்கிறீர்கள்? அதில் மினோசைக்ளினோ அதன் குடும்ப மருந்தோ இருக்கிறதா? இருந்தால் நிறம் மாறாமலிருக்க என்ன செய்வீர்கள்? வேறு மருந்து உண்டா? நல்ல டாக்டர் இதற்குக் கோபிக்கமாட்டார், சந்தோஷப்படுவார். சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியில் இடம் போதாவிட்டால் ஜாதகத்தை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு அந்த இடத்தில் சீட்டை வையுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்த அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில்தான் 1928-ல் பெரியார் அவர்கள் புரோகிதரில்லாத முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி வைத்தார். மந்திரமும் லக்கினமும் இல்லாமல் மனிதரும் மனிதரும் வாழலாம் என்று நாட்டுக்குக் காட்டிய மண் இது. அந்த மண்ணிலே ஒரு பெண்ணைப் பல்லைப் பிடித்து மாடு பார்ப்பதுபோல் பார்ப்பது நமக்கு வெட்கமில்லையா? நான் அந்தச் சீட்டைப் படித்துக் காட்டி விஷயத்தைச் சொன்னபோது, என் தமக்கை மகள் சொன்னாள்: “மாமா, இனி யாராவது கேட்டால் நானே சொல்லிவிடுகிறேன், இது மருந்துக் கறை என்று. அதற்கு மேலும் வேண்டாமென்பவர் எனக்கும் வேண்டாம்.” அவள் பல்லை வெளுத்துக்கொள்ளப் போகிறாளா என்று கேட்டேன். “என் சம்பளத்தில், எனக்குத் தோன்றுகிறபோது செய்துகொள்கிறேன்” என்றாள். சொல்லும்போது அவள் வாயில் கை இல்லை.

தோழர்களே! நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விசாரித்துப் பார்த்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.